அந்த அறையில் சின்னப்பொண்ணு இருந்தாள்

பெயர்தான் சின்னப்பொண்ணு. ஆள் நல்ல உயரம், அகலத் தோள். நாற்றுக்கட்டை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு அவள் வரப்பில் நடந்தால் பின்னால் வருகிறவர்கள் ஓட வேண்டியிருக்கும். அந்தக் கைப்பலம்தான் கடைசியில் அவளை அந்த அறைக்குள் கொண்டுபோய் நிறுத்தியது.

பொன்னேரிக்கு மேற்கே அவளுக்கும் அவள் புருஷன் பூவராகவனுக்கும் ஒன்றரை ஏக்கர் நெல் நிலம் இருந்தது. இரண்டு போகம் அடுத்தடுத்து மழையில் அழுகிப் போனது. நிலத்தை அவர் பார்த்துக்கொள்ளட்டும், நான் வெளியே போகிறேன் என்று முப்பத்தெட்டு வயதில் அவள் வேலை தேடினாள். கும்மிடிப்பூண்டியில் நெடுஞ்சாலை ஓரமாக ஒரு தனியார் ஆஸ்பத்திரி. அங்கே தரை துடைக்கிற வேலையைக் காண்ட்ராக்ட் எடுத்த கம்பெனி அவளைச் சேர்த்துக்கொண்டது. காலையில் பொன்னேரியில் மின்சார ரயில் ஏறினால் எட்டு மணிக்கு வேலையில் இருப்பாள்.

சுற்றியுள்ள தொழிற்சாலைகள் வருஷத்துக்கொரு முறை தொழிலாளிகளை உடம்பு சோதனைக்கு அனுப்பும். எக்ஸ்ரே, ஸ்கேன் என்று எடுக்கும்போது சிலருக்கு நுரையீரலில் பட்டாணி அளவு கட்டி தெரியும். அதை வெட்டி எடுக்கச் சென்னையிலிருந்து ஒரு சர்ஜன் செவ்வாயும் வெள்ளியும் வருவார். கட்டி ஆழத்தில் இருந்தால் கையால் தடவினாலும் தட்டுப்படாது. அதனால் முதலில் நோயாளியை ஸ்கேன் மேஜையில் படுக்க வைத்து, படத்தைப் பார்த்துப் பார்த்து ஊசியை இறக்கி, கட்டிக்குப் பக்கத்தில் மெல்லிய கம்பி ஒன்றை அடையாளத்துக்கு மாட்டுவார்கள். அதன் பிறகுதான் ஆபரேஷன் தியேட்டர். கம்பி மாட்டும்வரை நோயாளி ஒருக்களித்துப் படுத்து, கையைத் தலைக்கு மேல் தூக்கியபடி அசையாமல் கிடக்க வேண்டும்.

கையைத் தாங்குவதற்கு மேஜையில் ஒரு தாங்கி உண்டு. அது ஒருநாள் உடைந்தது. வராந்தாவில் துடைத்துக்கொண்டிருந்த சின்னப்பொண்ணுவை நர்ஸ் கூப்பிட்டு, இந்தக் கையைக் கொஞ்சம் பிடியுங்கள் என்றாள். சின்னப்பொண்ணு பிடித்தாள். நோயாளி இம்மியும் நகரவில்லை. உடைந்த தாங்கிக்கு மாற்று வரவேயில்லை. அன்றிலிருந்து அவளுக்கு 'கை பிடிக்கிற அக்கா' என்று பெயர் வந்துவிட்டது.

படம் எடுக்கும்போது கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரியும். ஊசி போடுகிற டாக்டர் முழங்கால்வரை தொங்கும் கனமான கோட்டு போட்டிருப்பார். நர்ஸும் போட்டிருப்பாள். மெஷினை இயக்குகிற டெக்னீஷியன் ரம்யா கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் போய்விடுவாள். சின்னப்பொண்ணு மட்டும் கம்பெனி கொடுத்த நீலப் புடவையோடு நிற்பாள். டாக்டருக்கு அந்தக் கோட்டு, தனக்கு இந்தப் புடவை, அவரவர் யூனிஃபார்ம் அவரவருக்கு என்றுதான் நினைத்திருந்தாள். அக்கா பிடித்தால் நோயாளி சிலை மாதிரி கிடக்கிறார் என்று சர்ஜன் ஒருமுறை சொன்னதை வீட்டுக்குப் போய்ப் பூவராகவனிடம் இரண்டு தடவை சொன்னாள். வாரத்துக்கு மூன்று பேர், நான்கு பேர் என்று இரண்டு வருஷத்துக்கு மேல் பிடித்தாள்.

போன ஆகஸ்டில் அப்ரார் வந்தான். பழவேற்காட்டுக்காரன், முப்பத்து நான்கு வயது. அப்பா, சித்தப்பா எல்லோரும் இறால் வியாபாரம். இவன் மட்டும் டிப்ளமா படித்துவிட்டு, தொழிற்சாலைக் குழாய்களின் வெல்டிங் மூட்டில் விரிசல் இருக்கிறதா என்று கதிர்வீச்சை வைத்துப் படம் பிடிக்கிற கம்பெனியில் வேலை பார்த்தான். அவன் நுரையீரலிலும் ஒரு கட்டி.

சின்னப்பொண்ணு அவன் முழங்கையையும் மணிக்கட்டையும் பிடித்திருந்தாள். சிவப்பு விளக்கு எரிந்ததும் அவன் கண்ணை மட்டும் உயர்த்தி அவளைப் பார்த்தான்.

"கோட்டு போடலியாக்கா?"

"எனுக்கு எதுக்கு சார் அது? ஆடாம படுங்க."

"பேட்ஜாவது இருக்கா?"

கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை அவள் மோவாயால் காட்டினாள். அது இல்லை அக்கா என்று அவன் தொடங்குவதற்குள், பேசக் கூடாது, மூச்சைப் பிடியுங்கள் என்று டாக்டர் அதட்டினார்.

கம்பியை மாட்டித் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது ட்ராலி கதவு நிலையில் இடித்தது. கம்பி நழுவிவிட்டது. திரும்பவும் அதே அறை, அதே மேஜை, அதே கை. இரண்டு தடவையும் சேர்த்து விளக்கு பதினோரு முறை எரிந்தது. எண்ணியவன் அப்ரார்தான். அவன் தொழில் பழக்கம் அது.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. வெட்டியெடுத்த கட்டி எப்போதோ வந்து ஆறிப்போன காசநோயின் தழும்பு, புற்றுநோய் இல்லை என்றார்கள். மூன்றாம் நாள் சின்னப்பொண்ணு வார்டு துடைக்கப் போனபோது அவன் கூப்பிட்டான். பையிலிருந்து தீப்பெட்டி அளவில் ஒரு பிளாஸ்டிக் அட்டையை எடுத்து, பேட்ஜ் என்றால் இதுதான் என்று காட்டினான். கதிர்வீச்சுக்குப் பக்கத்தில் வேலை செய்கிற யாரும் இதைச் சட்டையில் குத்திக்கொள்ள வேண்டும், மூன்று மாதத்துக்கொரு முறை அனுப்பி உடம்பில் எவ்வளவு பட்டது என்று அளப்பார்கள், அளவு மிஞ்சினால் வேலையை நிறுத்தி விசாரிப்பார்கள் என்று பொறுமையாகச் சொன்னான். அந்தக் கனமான கோட்டுக்குள் இருப்பது ஈயம் என்றும் சொன்னான்.

அவள் நம்பவில்லை. பேஷன்ட்டே அதுக்குள்தானே படுத்திருக்கிறார் என்றாள்.

"எனுக்கு அது வைத்தியம்க்கா. ஒரு தடவை. கட்டி இன்னான்னு தெரிஞ்சிக்கினு நான் ஊட்டுக்குப் போயிடுவேன். நீங்க வாரா வாரம் நிக்கிறீங்க. உங்களுக்கு இதுல இன்னா லாபம்?"

அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். இது தொற்றுமா, வீட்டில் பிள்ளைகளுக்கு வருமா என்று கேட்டாள். அதெல்லாம் வராது என்றான். ஒருநாள் நின்றால் ஒன்றும் ஆகாது, நாளுக்கு நாள் சேருவதுதான் கவலை என்றான். அவள் கையுறையைக் கழற்றி இரண்டு கையையும் நீட்டினாள். ஆறு மாதமாக நகத்தைச் சுற்றித் தோல் கறுத்து வறண்டு வெடித்திருந்தது. ஃபினாயிலும் பிளீச்சிங் பவுடரும் செய்கிற வேலை என்று தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"இது அதாலயா?"

"தெரியாதுக்கா. ஃபினாயிலாவும் இருக்கலாம். அளந்திருந்தா சொல்லலாம். அளக்கலையே."

பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது கோபம். இரண்டு வருஷம் தன் கைக்கு என்ன நடந்தது என்று தனக்கும் தெரியாது, இனி எவனுக்கும் தெரியப் போவதில்லை. யாரோ வேண்டுமென்றே தன் கணக்கை எழுதாமல் விட்டிருக்கிறான் என்பது அவள் நெஞ்சில் நெருப்பாக ஏறியது.

நேராக ரம்யாவிடம் போனாள். ரம்யா பத்து மாதக் குழந்தைக்காரி, நல்ல பெண். சின்னப்பொண்ணு கொண்டுவரும் கருவாட்டுத் தொக்கை விரல் நக்கிச் சாப்பிடுகிறவள். அவளுடைய மேல்சட்டைப் பையில் அதே மாதிரி ஒரு பிளாஸ்டிக் அட்டை குத்தியிருந்தது. இத்தனை நாள் பார்த்தும் கவனிக்காத அட்டை.

"உன் வயித்துல புள்ள இருக்கச்சொல்ல ஆறு மாசம் இந்தப் பக்கமே வரலையே, ஏம்மா?"

ரம்யா கீபோர்டைப் பார்த்தாள். பிறகு, மேலே இருப்பவர்களிடம் இதைக் கேட்டால் வேலை போய்விடும் அக்கா, அதனால்தான் வாய் திறக்கவில்லை என்றாள்.

"மேல இருக்கறவன்கிட்ட சொல்ல வாணாம். என் காதுல சொல்லியிருந்தா உன் வேலை எங்க போயிருக்கும்?"

ரம்யா அழுதாள். சின்னப்பொண்ணு சமாதானம் சொல்லவில்லை. அன்று தொக்கு டப்பாவை மூடியபடியே வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

மறுநாள் மேனேஜர் சரவணகுமாரின் அறைக்குப் போய் பேட்ஜும் கோட்டும் கேட்டாள். அவர் சிரித்தபடியே பேசினார். பேட்ஜ் என்பது அதற்கென்று பதிவான ஊழியர்களுக்கு மட்டும்தானாம். அவள் துப்புரவுப் பணியாளர், அதுவும் காண்ட்ராக்ட் ஆள். இரண்டு நிமிஷம் உள்ளே போய் வருவதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம் எதற்கு, வாட்ஸப்பில் வருவதையெல்லாம் நம்பக் கூடாது என்றார். அந்த இரண்டு நிமிஷத்துக்கு நீங்கள் வந்து கையைப் பிடியுங்கள் சார் என்று அவள் சொன்னாள். அவர் சிரிப்பை நிறுத்தினார்.

வெள்ளிக்கிழமை நோயாளி மேஜையில் காத்திருந்தார். சின்னப்பொண்ணு வாசலிலேயே நின்றாள். கோட்டு இல்லாமல் கால் வைக்க மாட்டேன் என்றாள். டாக்டர் கத்தினார், நர்ஸ் கெஞ்சினாள். கடைசியில் ஸ்டோர் ரூமிலிருந்து ஒரு பழைய கோட்டை எடுத்துவந்து அவள் மேல் போட்டார்கள். வார் அறுந்து, மடிப்பு மடிப்பாகக் கிடந்தது. அப்ரார் சொல்லிக் கொடுத்திருந்ததை அவள் கேட்டாள்: இதையும் ஒரு படம் எடுத்துக் காட்டுங்கள். ரம்யா யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. நோயாளியை இறக்கிவிட்டுக் கோட்டை மேஜையில் பரப்பிப் படம் எடுத்தாள். வயல் வெடிப்பு மாதிரி குறுக்கும் நெடுக்கும் கோடுகள். ஈயம் முழுக்க விரிசல்.

டாக்டர் அதைப் பார்த்துவிட்டுக் கையுறையைக் கழற்றினார். அன்றைய கேஸைத் தள்ளி வைத்தார்கள்.

இதற்கு நடுவில் வீட்டுக்குப் போன அப்ரார் ஒரு காரியம் செய்தான். கதிர்வீச்சுக் கருவிகளைக் கண்காணிக்கிற அரசு அலுவலகத்துக்குப் புகார் அனுப்பினான். ஆஸ்பத்திரி பெயர், தேதி, விளக்கு எரிந்த எண்ணிக்கை, கூடவே 'சின்னப்பொண்ணு என்ற துப்புரவுப் பணியாளர்' என்று அவள் பெயரும். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அலுவலகத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்த மறுநாளே காண்ட்ராக்ட் சூப்பர்வைசர் போன் பண்ணி, அந்தப் பழவேற்காட்டுப் பேஷன்ட் உன் பெயரைப் போட்டுப் புகார் எழுதியிருக்கிறான், நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை அவள் பொன்னேரியில் பஸ் ஏறிப் பழவேற்காட்டுக்குப் போனாள். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தாள். அப்ராரின் அம்மா மெஹர்னிசா கதவைத் திறந்து, யாரென்று தெரியாமலே உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். அவள் தண்ணீரை வாங்கிக் கீழே வைத்தாள். அப்ரார் விலாவைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தான்.

"என் பேரை எழுத உனுக்கு யாரு சொன்னது தம்பி?"

அவன் திணறினான். உங்கள் நன்மைக்காகத்தான் என்றான்.

"நன்மையா? இப்போ வேலை போச்சே, அது யாரோட நன்மை? கோவம் உன்னுது. அதுக்குப் பேரு மட்டும் என்னுதா? ரெண்டு வருசம் அவங்க என்னைக் கேக்காம என் கையை எடுத்தாங்க. நீ கேக்காம என் பேரை எடுத்துக்கினே."

மெஹர்னிசா மகனைப் பார்த்தாள். அப்ரார் சுவரோரம் உட்கார்ந்தான். பிறகு மெல்லச் சொன்னான். நான்கு வருஷத்துக்கு முன்னால் வேலை நெருக்கடியில் அவனுடைய கம்பெனி மூன்று மாதம் எல்லோர் பேட்ஜையும் வாங்கி ஆபீஸ் மேஜை டிராயரில் பூட்டி வைத்ததாம். அளவு கூடினால் விசாரணை வரும் என்று. அவனுக்குத் தெரியும். கல்யாணமான புதிது, வாயை மூடிக்கொண்டு இருந்தான். அவள் கை அவன் மேல் பட்டிருந்தபோது அதெல்லாம் மேலே வந்துவிட்டது. தப்புதான், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றான்.

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. தண்ணீரை மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பினாள்.

அத்தோடு விட்டிருப்பாள். காக்களூரில் பிளாஸ்டிக் டப்பா செய்கிற யூனிட்டில் பேக்கிங் வேலை இருக்கிறது என்று ஒருத்தி சொல்லியிருந்தாள். ஆனால் பத்து நாள் கழித்து ரம்யா போன் பண்ணினாள். இரண்டு அதிகாரிகள் சோதனைக்கு வந்திருக்கிறார்கள், நாளையும் இருப்பார்கள் என்றாள். துப்புரவுப் பணியாளர் எவரும் ஸ்கேன் நடக்கும்போது உள்ளே போனதே இல்லை, சின்னப்பொண்ணு என்பவர் வராந்தா மட்டும்தான் துடைத்தார் என்று சரவணகுமார் எழுதிக் கொடுத்திருக்கிறாராம்.

"நான் அந்த ரூம்லயே இல்லேன்னா சொன்னான்?" என்று அவள் இரண்டு முறை கேட்டாள்.

அன்று சாயங்காலம் அவளே அப்ராருக்குப் போன் பண்ணினாள். உன்னிடம் ஸ்கேன் சி.டி. கொடுத்தார்களா என்று கேட்டாள். கொடுத்திருந்தார்கள். அப்ரார் அதை லேப்டாப்பில் போட்டு ஒவ்வொரு படமாகப் பார்த்தான். ஊசி போடுவதற்கு முன்னால், எங்கே எடுக்க வேண்டும் என்று அளவு பார்க்க நீளவாக்கில் ஒரு படம் எடுப்பார்கள். அதில் அவனுடைய மண்டை ஓரம், தூக்கிய கை எலும்பு, அந்த எலும்பைச் சுற்றி இன்னொரு ஆளின் விரல் எலும்புகள். சுண்டுவிரல் நடுக்கணுவில் கோணியிருந்தது. சின்னப்பொண்ணுவுக்குக் கல்யாணமான வருஷம் கதிரடிக்கிற மெஷின் பெல்ட்டில் மாட்டி உடைந்து, அப்படியே கூடிப்போன விரல். படத்தைப் போனில் பார்த்ததும் பூவராகவன் கண்ணை மூடிக்கொண்டார். அவர் அவளிடம் அந்தக் கோபத்தைப் பற்றி அதுவரை ஒன்றும் கேட்டதில்லை. காலையில் அவரே பம்ப்செட்டை நிறுத்திவிட்டு, நானும் வருகிறேன் என்று சட்டை மாட்டினார்.

ஆஸ்பத்திரி வாசலில் செக்யூரிட்டி தடுத்தான். ரம்யா உள்ளேயிருந்து வந்து, இவங்க என்னோட வராங்க என்று சொல்லிக் கூட்டிப்போனாள். அதிகாரிகள் இரண்டு பேர், ஒருவர் பெண்மணி. பக்கத்தில் சரவணகுமார். சின்னப்பொண்ணு போனில் அந்தப் படத்தைத் திறந்து மேஜையில் வைத்தாள். அதன் பக்கத்தில் தன் இடது கையை விரித்து வைத்தாள்.

"இந்த எலும்பு வராண்டா தொடைச்சிதான்னு அவரைக் கேளுங்க மேடம்."

அந்தப் பெண்மணி படத்தையும் விரலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சரவணகுமாரை வெளியே இருக்கச் சொன்னார். இரண்டு மணி நேரம் சின்னப்பொண்ணு சொல்லச் சொல்ல எழுதினார். ரம்யாவும் தன் பங்குக்குச் சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். பழைய நோயாளிகளின் படங்களை கம்ப்யூட்டரில் தேடியபோது அதே கோணல் விரல் நாற்பதுக்கும் மேற்பட்ட படங்களில் இருந்தது.

இரண்டு மாதத்துக்கு அந்த மெஷினை வைத்து ஊசி போடக் கூடாது என்று நிறுத்தி வைத்தார்கள். புதுக் கோட்டுகள் வந்தன. ஸ்கேன் அறைக்குள் போகிற எல்லோருக்கும் பேட்ஜ் வந்தது. உடைந்த தாங்கிக்குப் பதிலாகப் புதிது ஒன்றும் வந்தது. ஒரு முழ நீளத் தகடு, மேலே பஞ்சுத் துண்டு, இரண்டு வார். ரம்யா அதைப் போட்டோ எடுத்து அனுப்பினாள். சின்னப்பொண்ணு அந்தப் போட்டோவை வெகுநேரம் பார்த்தாள். இந்தத் தகடு செய்கிற வேலையைத்தான் என்னைச் செய்ய வைத்தார்கள் என்று பூவராகவனிடம் சொன்னாள்.

சரவணகுமார் வேறு ஊர் ஆஸ்பத்திரிக்கு மாறிப் போனார். சின்னப்பொண்ணுவைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்று காண்ட்ராக்ட் கம்பெனி ஆள் அனுப்பியது. அவள் போகவில்லை. இப்போது காக்களூரில் டப்பாக்களுக்கு மூடி பொருத்துகிறாள். போக வர நேரம் அதிகம், பஸ்ஸும் நெரிசல். ஃபினாயிலைத் தொடாமல் ஐந்து மாதம் ஆகியும் நகத்தோரக் கறுப்பு பாதிதான் போயிருக்கிறது.

போன மாதம் திருவள்ளூர் அரசு ஆஸ்பத்திரிக்கு ரத்தப் பரிசோதனைக்குப் போனாள். வருஷத்துக்கொரு முறை பார்த்துக்கொள்ளுங்கள் என்று அந்தப் பெண் அதிகாரி சொல்லியிருந்தார். ரத்தம் சரியாகத்தான் இருந்தது. சின்ன வயசு டாக்டர், அன்பாகப் பேசினார். முழுக்கதையும் கேட்டுவிட்டுப் புதிதாக ஒரு சீட்டில் விவரங்களை எழுத ஆரம்பித்தார். எத்தனை வருஷம், என்ன வேலை என்று எழுதிக்கொண்டே வந்தவர், உடம்பில் பட்ட அளவு என்ற இடத்தில் பேனாவை நிறுத்தினார். தெரியவில்லை அல்லவா, இதை விட்டுவிடலாம் என்றார்.

"விடாதீங்க சார். எழுதுங்க."

"இன்னான்னு எழுதறது?"

"அளக்கலைன்னு எழுதுங்க. அளக்க வேண்டியவங்க அளக்கலை."

டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு 'அளக்கப்படவில்லை' என்று எழுதினார். அவள் சீட்டை வாங்கி எழுத்துக் கூட்டி முழுக்கப் படித்தாள். யார் அளக்கவில்லை என்பது அதில் இல்லை என்றாள். வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவள் நகரவில்லை. டாக்டர் சீட்டைத் திரும்ப வாங்கி, ஆஸ்பத்திரியின் பெயரையும் சேர்த்து எழுதி, கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.